படிக்கட்டும் சாய்தளமும்

கல்விக்கூடத்தின் வாயில் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது என்கிறோம். ஆனால், அவ்வாயிலின் முன் மூன்று படிகள் மட்டுமே இருந்தால், சக்கர நாற்காலியில் வருபவருக்கு அது மூடிய வாயில் அன்றோ?

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ரொனால்டு மேஸ் என்னும் மாணவர் கட்டடக்கலை பயின்றார். ஒன்பது வயதில் இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டு, சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். வகுப்புக்குச் செல்ல அவரைப் பிறர் தூக்கிக்கொண்டு படியேற வேண்டியிருந்தது. கழிவறை வாயிலிலோ அவரது நாற்காலி நுழையவில்லை. கட்டடம் கட்டக் கற்பிக்கும் இடமே அவருக்கு இடங்கொடுக்கவில்லை! 1966-ல் பட்டம் பெற்ற அவர், பின்னாளில் 'அனைவருக்குமான வடிவமைப்பு' என்னும் கொள்கையை உலகிற்கு அளித்தார். மாற்றுத்திறனாளிகளுக்கென்று புறவாசலில் தனிவழி அமைப்பதன்று அது. முதியவர், கருவுற்ற பெண், குழந்தை, சுமை தூக்கி வருபவர் ஆகிய அனைவரும் ஒரே வழியில் செல்லுமாறு தொடக்கத்திலேயே திட்டமிடுவதாகும். 1997-ல் அவர் தலைமையிலான குழு இதனை ஏழு நெறிகளாக வகுத்தது.

இதன் கணக்கு மிக எளியது. சாய்தளத்தில் ஓர் அங்குல உயரத்திற்கு ஓர் அடி நீளம் வேண்டும். ஆறு அங்குலப் படிகள் மூன்று என்றால் உயரம் 18 அங்குலம். ஆகவே சாய்தளம் 18 அடி. இடமில்லை என்று அதை எட்டடியில் முடித்தால், பிறர் தள்ளாமல் ஏற இயலாது. இறங்கும்போதோ கவிழும் ஆபத்து உண்டு. பெயருக்கு ஒரு சாய்தளம் இருந்து பயனென்ன? இருபுறமும் கைப்பிடி, மூன்றடி அகலமுள்ள கதவு, கழிவறைக்குள் நாற்காலி திரும்ப ஐந்தடி விட்டமுள்ள வெற்றிடம் ஆகியவையும் தேவை. பார்வையற்றோர் காலாலும் கோலாலும் வழியறியப் புடைப்புள்ள தரைக்கற்கள் உதவுகின்றன. இவை 1967-ல் ஜப்பானின் ஒகயாமா நகரில் முதன்முதல் பதிக்கப்பட்டவை.

நம் நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். இவ்விதிகளைப் பின்பற்றாத கட்டட வரைபடத்திற்கு அனுமதி வழங்கலாகாது என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. கட்டி முடித்தபின் இடித்துத் திருத்துவது பெருஞ்செலவு. வரைபடத்திலேயே ஒரு கோட்டை மாற்றுவது எளிது.

நடக்க இயலாத நண்பரைத் தூக்கிச் செல்லும் தோழமை போற்றத்தக்கதே. ஆயினும், யாரையும் யாரும் தூக்க வேண்டாத கட்டடம் அதனினும் மேலானது. நாளை வீடும் அலுவலகமும் எழுப்பப்போகும் மாணவ நண்பர்கள் இதனை நெஞ்சில் நிறுத்துவார்களாக!