கைலி மாற்றும் பாபின்

“அம்மாவின் கால் மிஷினில்தான் நானும் தைக்கக் கற்றுக்கொண்டேன். 35 வருஷமாகிறது, இன்னும் ஓடுகிறது. கள்ளக்குறிச்சியில் ஒரு கடையில் அதை எடுத்துக்கொண்டு, மேற்கொண்டு கொஞ்சம் பணம் கட்டினால் மோட்டார் மிஷின் தருகிறோம் என்கிறார்கள். 300 டிசைன் போடுமாம். கையோடு கொண்டுபோன வாயில் துணியைக் கடையிலேயே தைத்துப் பார்த்தேன். தையல் படிந்து விழாமல் துணி சுருங்கிச் சுருங்கி வந்தது. எனக்குக் கை பழகவில்லையா, மிஷினே அப்படியா?” கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

கையில் குறையில்லை அம்மா, மிஷின்தான் அப்படி. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு கைலியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

அந்த 300 டிசைனை முதலில் முடித்துவிடலாம். இலை, பூ, நட்சத்திரம், வரிசையாக நடக்கும் வாத்து என்று அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பார்கள். வாத்து தைத்த ரவிக்கையை இதுவரை யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. ஊசி இடமும் வலமும் எவ்வளவு நகர வேண்டும், துணி முன்னும் பின்னும் எவ்வளவு நகர வேண்டும்: எல்லா டிசைனும் இந்த இரண்டு எண்களுக்குள் அடக்கம். மாற்றி மாற்றிக் கோத்தால் 3,000 என்றுகூட அச்சடிக்கலாம். ஒரே மாவை வைத்துக்கொண்டு 99 வகை தோசை என்று பலகை மாட்டும் கடையின் கணக்கு இது. மாவு நன்றாக இருக்கிறதா என்பதல்லவா கேள்வி?

மாவு இருப்பது ஊசித் தட்டுக்குக் கீழே. அங்கே நடப்பதை உட்கார்ந்து யோசித்தால் நடக்கவே முடியாத காரியம் போலிருக்கும். மேல்நூலின் ஒரு முனை நூல்கண்டில் இருக்கிறது, மறுமுனை ஏற்கெனவே தைத்த துணியில் மாட்டியிருக்கிறது. கீழ்நூலும் அப்படித்தான்: ஒரு முனை பாபினில், மறுமுனை துணியில். நான்கு முனையில் ஒன்றுகூடச் சும்மா இல்லை. ஒரு நூல் இன்னொன்றைப் பிணைக்க வேண்டுமென்றால் ஏதாவது ஒரு முனை மற்ற நூலைத் தாண்டிப் போய்வர வேண்டும். கையால் தைக்கும்போது இந்தச் சிக்கல் கிடையாது. ஊசி முழுசாகத் துணிக்கு அந்தப் பக்கம் போய், நூல் முனையையும் இழுத்துக்கொண்டு திரும்பி வருகிறது. மிஷின் ஊசியோ குத்திய துளை வழியே அப்படியே மேலே வந்துவிடுகிறது. எந்த முனையும் எதையும் தாண்டவில்லை. ஆனால் நூல்கள் பிணைந்திருக்கின்றன.

மிஷின் செய்யும் தந்திரம் இதுதான்: முனையைத் தாண்டவைக்க முடியவில்லையா, முனையைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆசாமியையே மொத்தமாகத் தாண்டவைத்துவிடு.

மெதுவாகப் பார்ப்போம். மிஷின் ஊசிக்குக் கண் நுனியில் இருக்கிறது. ஊசியை எடுத்து நகத்தால் தடவிப் பாருங்கள், ஒரு பக்கம் நெடுக ஒரு பள்ளம் ஓடும். எதிர்ப்பக்கம் கண்ணுக்குச் சற்று மேலே சின்னதாக ஒரு சீவல் இருக்கும். ஊசி துணியைக் குத்திக்கொண்டு அடிவரை இறங்கிவிட்டு, மேலே ஏறத் தொடங்குகிறது. இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர்தான் ஏறியிருக்கும். நீளப் பள்ளத்துக்குள் கிடக்கும் நூல் ஊசியோடு வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. எதிர்ப்பக்கத்து நூல் துணியில் உரசி நின்றுவிடுகிறது. மேலே போக வழியில்லாததால் பக்கவாட்டில் உப்பி, சின்னக் கண்ணியாகிறது. அந்த நொடியில், ஊசியின் சீவலை ஒட்டி, 0.1 மில்லிமீட்டர் அளவே இடைவெளி விட்டு, கொக்கியின் மூக்கு வந்து கண்ணிக்குள் நுழைகிறது. கொஞ்சம் முந்தினால் கண்ணி இன்னும் பிறந்திருக்காது. பிந்தினால் ஊசி அதை மேலே தூக்கிக்கொண்டு போயிருக்கும். தையல் விட்டு விட்டு விழுகிறது என்று மெக்கானிக்கிடம் போகிறோமே, பெரும்பாலும் இந்தச் சந்திப்பு தவறியதுதான் காரணம். ஊசி ஒரு மயிரிழை வளைந்திருந்தாலே போதும்.

இனி கைலி. குளத்தங்கரையில் குளித்துவிட்டு ஈரக் கைலியை மாற்றுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். காய்ந்த கைலியைத் தலைவழியாகப் போட்டுக்கொண்டு, ஈரத்தைக் கால்வழியாக நழுவவிடுவார். கைலி என்பது ஒரு வளையம். தலையில் நுழைந்து காலில் வெளியேறிவிட்டால், அந்த வளையம் ஒரு முழு மனிதரைக் கடந்துவிட்டது என்று பொருள். கொக்கி செய்வதும் இதைத்தான். பிடித்த கண்ணியை அகல விரித்து, பாபினின் தலைமேல் போட்டு, ஒரு பக்கம் முன்னாலும் மறுபக்கம் பின்னாலுமாகக் கீழே கொண்டுபோய், அடிவழியாக உருவி எடுத்துவிடுகிறது. மேல்நூல் கைலி, பாபின் ஆள்.

இப்போது அந்த ஆள் கையில் பட்டம் விட்டுக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராட்டு கையில், பட்டம் வானத்தில். கைலி அவரையும் ராட்டையும் சேர்த்துக் கடந்து கழன்று விழுந்தால் என்ன ஆகும்? பட்டத்து நூல் கைலிக்குள் நுழைந்துபோயிருக்கும். பட்டத்தை அறுக்காமல், ராட்டைக் கையைவிட்டு எடுக்காமல் அந்தக் கைலியை நூலிலிருந்து விடுவிக்கவே முடியாது. தையல் விழுந்துவிட்டது! வானம்தான் துணி. உடனே யாரோ மேலேயிருந்து கைலியை வெடுக்கென்று இழுக்க, அது நூலோடு ஏறிப் பட்டத்தின் கழுத்தில் போய் இறுகுகிறது. மிஷினின் நெற்றியில் மேலும் கீழும் ஆடும் நூல் தூக்கியின் வேலை அது. கரையில் நிற்பவரின் நிலைமையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. நிமிடத்துக்குச் சில நூறு முறை அவருக்கு இது நடக்கிறது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு கைலியைக் கழற்ற முடியாது. ஒரு காலைத் தூக்க வேண்டும், பிறகு மறுகாலை. பாபினும் எதோடும் திருகப்பட்டிருக்கக் கூடாது. இத்தனை இரும்புக்கு நடுவில் பாபின் கேஸ் மட்டும் எதிலும் ஒட்டாமல் உட்கார்ந்திருக்கிறது. சுற்றிவர ஒரு நூல் நுழைகிற இடைவெளி எல்லாப் பக்கமும் உண்டு. பழைய கறுப்பு மிஷினில் கொக்கியுள்ள ஷட்டில் முழு வட்டம் சுற்றுவதில்லை, ஊஞ்சல் மாதிரி அரைவட்டம் போய்த் திரும்புகிறது. அதைத் தள்ளும் கவைக்கு இரண்டு கொம்பு. ஒன்று ஷட்டிலைத் தள்ளும்போது மற்றதன் அருகே இடைவெளி விழும். திரும்பும்போது மாறி விழும். அந்த இடைவெளி வழியாகத்தான் கண்ணி நழுவித் தப்புகிறது. அம்மா மிஷினில் கேட்கும் ‘டக்டக்’கில் ஒரு பங்கு, ஒரு காலைத் தூக்கி மறுகாலைத் தூக்கும் இந்தச் சத்தம்.

ஒவ்வொரு தையலுக்கும் பாபினைச் சுற்றிவர ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் மேல்நூல் கீழே போகிறது. துணியில் நிற்பதோ மூன்று நான்கு மில்லிமீட்டர். மிச்சமெல்லாம் திரும்ப மேலே வந்துவிடுகிறது. அப்படியானால் நூலின் ஒரே இடம், துணியில் குடியேறுவதற்கு முன் ஊசிக் கண்ணுக்குள் 20 முறைக்கு மேல் போய்வந்திருக்க வேண்டும். மட்டமான நூல்கண்டு வேகமான மிஷினில் ஏன் பிசிறடித்து அறுகிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

வரலாறு ஒரு பத்தியாவது இல்லாவிட்டால் ஆசிரியர் விடமாட்டார். இங்கிலாந்தில் தாமஸ் செயின்ட் 1790இல் தோல் தைக்க ஒரு மிஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். பிரான்சில் திமோனியே 1830இல் வாங்கினார். பிழைப்புப் போய்விடுமென்று பயந்த தையல்காரர்கள் அவருடைய பட்டறைக்குள் புகுந்து மிஷின்களை உடைத்தார்கள். இரண்டுமே சங்கிலித் தையல்: அரிசி மூட்டையின் வாயில் இருக்கிறதே, சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று மொத்தமும் உருவிக்கொண்டு வருமே, அந்தக் குடும்பம். இரண்டு நூல் பிணைப்புக்கு அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846இல் காப்புரிமை பெற்றார். ஐசக் சிங்கர் பெற்றது 1851 ஆகஸ்ட் 12இல். இயந்திரங்கள்மீது அவ்வளவு சந்தேகம் கொண்டிருந்த காந்தி, 1924இல் ‘யங் இந்தியா’வில் வந்த ஓர் உரையாடலில் சிங்கர் மிஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைக் கண்டு, அவள்மீதுள்ள அன்பினால் சிங்கர் அதை உருவாக்கினார் என்பது அவர் சொன்ன காரணம். சிங்கர் அடிப்படையில் நாடக நடிகர். ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பம் நடத்தியவர், பிள்ளைகள் இருபதுக்கும் மேல். அன்புக்குக் குறைவில்லை என்ற அளவில் காந்தி சொன்னது சரி. 1930களில் கல்கத்தாவின் ஜெய் இன்ஜினியரிங் ஆலையில் உஷா மிஷின் பிறந்தது. நம் வீடுகளிலுள்ள கறுப்பு மிஷின்களில் பெரும்பாலானவை சிங்கரின் 15ஆம் மாதிரியின் வழிவந்தவை. வரலாறு போதும்.

ஒன்றே ஒன்று மட்டும். சிங்கர் காப்புரிமை பெற்ற அதே நாளில் ஆலன் வில்சன் என்பவரும் ஒன்று வாங்கினார். ஊஞ்சலாடாமல் முழு வட்டமாகச் சுழலும் கொக்கிக்கு. இன்று ‘ரோட்டரி’ என்று புதுமை முத்திரை குத்தி விற்கிறார்களே, அதுதான். நீங்கள் பார்த்த மோட்டார் மிஷினில் அதுகூட இல்லாமலிருக்கலாம். பிளாஸ்டிக் உடம்புக்குள் பழைய ஊஞ்சல் ஷட்டிலே ஆடும் மாதிரிகள் நிறைய. அடுத்த முறை போகும்போது அம்மா மிஷினின் பாபினைக் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். பல மாதிரிகளில் சொந்த வீட்டுக்குள் போவதுபோல உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

இனி உங்கள் வாயில் துணி. கால் மிஷினின் ஊசித் தட்டில் துளை வட்டமாக, ஊசி போகிற அளவுக்கே இருக்கும். 300 டிசைன் மிஷினில் ஊசி பக்கவாட்டில் நடமாட வேண்டுமே, அதனால் துளை 5 முதல் 7 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பிளவாக இருக்கும். ஊசி குத்தும்போது மெல்லிய துணிக்கு அடியில் தாங்க எதுவுமில்லை. பலகைமேல் உட்காருவதற்கும் தளர்ந்த கயிற்றுக் கட்டிலில் உட்காருவதற்கும் உள்ள வித்தியாசம். துணி பிளவுக்குள் குழிந்து இறங்குகிறது, குழிந்த நிலையிலேயே நூல் இறுகிவிடுகிறது, பிறகு நிமிர இடமில்லாமல் சுருங்குகிறது. அதாவது வாத்து நடப்பதற்காக வெட்டிய வழியில் உங்கள் நேர்த்தையல் விழுந்துவிட்டது. வழியில்லாமல் இல்லை. ஊசியை 16க்குப் பதில் 9 அல்லது 11ஆம் எண்ணுக்கு மாற்றி, ஊசி நிற்கும் இடத்தை இடது ஓரத்துக்குத் தள்ளினால் பிளவின் விளிம்பு கொஞ்சம் தாங்கும். துணிக்கு அடியில் மெல்லிய தாள் வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு கிழித்துவிடலாம். வட்டத் துளைத் தட்டு தனியாகக் கிடைக்கிற மாதிரிகளும் உண்டு. கடையில் இதைக் கேளுங்கள். கேள்வி புரியாத கடையில் வாங்காதீர்கள்.

புதிய மிஷினுக்கு ஒரு நியாயம் இருக்கிறது, மறைக்கக் கூடாது. லெக்கிங்ஸ், டி-ஷர்ட் மாதிரி இழுபடும் துணியில், ஊசி மேலே வரும்போது துணியும் அதோடு ஒட்டிக்கொண்டு எழும்பிவிடுகிறது. துணி உரசிப் பிடித்தால்தானே நூல் உப்பும்? பிடிப்பே இல்லையென்றால் கண்ணி பிறக்காது, கொக்கி வெறுங்கையோடு திரும்பும். உருண்டை முனை ஊசி இதற்கு மருந்து, அது பழைய மிஷினுக்கும் கிடைக்கும். ஆனால் அந்தத் துணியில் நேர்த்தையல் போட்டு, குனிந்து நிமிர்ந்தால் நூல் பட்டென்று அறுந்துவிடும். வளைந்து வளைந்து போகும் ஜிக்ஜாக்தான் துணியோடு நீளும். மலையில் பிள்ளைகளின் உடுப்பு இப்போது எந்தப் பக்கம் போகிறது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

வேகக் கணக்கு வேறு. மிதிப்பலகையின் பெரிய சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் மேல் சக்கரம் நான்கைந்து சுற்றுச் சுற்றும். நிதானமாக மிதித்தால் நிமிடத்துக்கு 250, 300 தையல். ஆலைகளில் ஓடும் பவர் மிஷின் 5,000 வரை போகும். தையல் ஒன்று இரண்டரை மில்லிமீட்டர் என்றால் நிமிடத்துக்குப் பன்னிரண்டரை மீட்டர். பள்ளிச் சீருடை தைக்கும் மகளிர் கூட்டுறவுச் சங்கங்களில், ஒரே அளவுப் பாவாடையும் சட்டையும் மலையாகக் குவியும்போது அந்த வேகம் கூலியாக மாறும். ரவிக்கையில் எங்கே இருக்கிறது பன்னிரண்டரை மீட்டர் நேர்கோடு? கைக்குழியைத் திருப்புவதற்குள் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுகிறோம்.

திங்கள்கிழமை குறைதீர் கூட்டம் முடிந்ததும் நாளிதழ்களில் தையல் மிஷின் வழங்கும் படம் வரும், பார்த்திருப்பீர்கள். சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் கிடைப்பவை ஒரு வகை, மாற்றுத்திறனாளிகளுக்கு மோட்டார் பொருத்தியவை வேறு. மிதிக்க முடியாத காலுக்கு மோட்டார் என்பது வசதியல்ல, தேவை. மூட்டுவலி என்று நீங்கள் எழுதியிருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். அப்போதும் அந்த மோட்டாரைப் பழைய மிஷினின் முதுகிலேயே பூட்டலாம். பெரும்பாலானவற்றில் அதற்கான திருகுத்துளை வார்ப்பிலேயே இருக்கும். பெல்ட்டை மட்டும் கழற்றிப் பத்திரமாக வைத்திருங்கள். மலையில் மின்னழுத்தம் 10 சதவீதம் இறங்கினால் சாதாரண மோட்டாரின் முறுக்குவிசை ஏறக்குறைய 20 சதவீதம் இறங்கும். ஜீன்ஸ் மடிப்பின்மேல் ஊசி நின்று முனகும். கரண்ட் அடியோடு போய்விட்டால் மிதிப்பலகை அங்கேயே இருக்கிறது.

ஒரு சந்தேகம் எனக்கும் இருக்கிறது. இரும்பு வார்ப்பு, தலை மட்டுமே 10 கிலோவுக்கு மேல், 35 வருஷம் தேய்ந்தது, டிசைன் ஒன்றே ஒன்று. இப்படி ஒரு மிஷினைக் கச்சிராயபாளையம் வழியாகப் பஸ்ஸில் ஏற்றி இறக்கிக் கொண்டுவந்தால் பணம் கழித்துக்கொள்கிறேன் என்கிறாரே கடைக்காரர், எதற்காம்? கேட்டு எழுதுங்கள்.