பழைய காரில் மறைந்து கசியும் நீர்

திங்கட்கிழமை காலையில் டிரைவர் ரேடியேட்டரில் கழுத்துவரை நீர் நிரப்புகிறார். வியாழக்கிழமை மூடியைத் திறந்து பார்த்தால் அரை லிட்டர் குறைந்திருக்கிறது. வண்டி நின்ற தரையில் ஈரமில்லை, குழாய்கள் உலர்ந்திருக்கின்றன, எஞ்சினும் வழக்கம்போல் ஓடுகிறது. மறுபடியும் நிரப்பிவிட்டு வேலைக்குப் புறப்படுகிறார். இவ்வாறு சில மாதங்கள் கழிந்தபின், ஒரு மலைப்பாதையின் நடுவில் பானெட்டினின்றும் நீராவி பீறிட வண்டி நின்றுவிடுகிறது. சூட்டினால் சிலிண்டர் தலைப்பகுதி வளைந்துபோயிற்று என்று பட்டறையில் சொல்லும்போதுதான், அந்த அரை லிட்டரின் பொருள் விளங்குகிறது.

மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் 1950-களின் பிற்பகுதி முதல் 2014 வரை உற்பத்தியான அம்பாஸடர் கார்களிலும், அவற்றையொத்த பழைய ஜீப்புகளிலும் இத்தகைய குறைபாடு அடிக்கடி காணப்படும். இவற்றைப் பராமரிக்கும் களப் பணியாளர்க்கு இது செலவையும் வேலைத் தடையையும் விளைவிக்கும் பிரச்சினை. பௌதிகமும் ரசாயனமும் கற்பிக்கும் ஆசிரியர்க்கோ, வகுப்பறைக்கு வெளியே கிடைக்கும் நல்ல பாடம்.

கசிவினால் ஏற்படும் பெருநஷ்டம் நீரின் இழப்பன்று, அழுத்தத்தின் இழப்பே. ரேடியேட்டர் மூடி வெறும் மூடியன்று. சுருள்வில்லுடன் கூடிய ஒரு வால்வு. பழைய கார்கள் பலவற்றில் அது சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அளவான மிகை அழுத்தத்தை உள்ளே தாங்கி நிற்கும். அவ்வழுத்தத்தில், கடல் மட்டத்தில் நீர் 100 டிகிரிக்குப் பதிலாகச் சுமார் 111 டிகிரியில்தான் கொதிக்கும். சுமார் 2200 மீட்டர் உயரத்திலுள்ள சிம்லாவிலோ, திறந்த பாத்திரத்து நீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி சரியாக இருந்தால் இவ்வெல்லை 106 டிகிரிக்கு உயரும். எஞ்சின் நீர் சாதாரணமாக 80 டிகிரியைத் தாண்டியே இருப்பதால், ஊசிமுனைத் துவாரம் ஒன்று அழுத்தத்தை வெளியேற்றிவிட்டால், மலை ஏறும் வண்டிக்குப் பத்து டிகிரி அளவு இடைவெளிதான் எஞ்சும். ரேடியேட்டரில் நீர் நிறைய இருக்கும்போதே வண்டி கொதிப்பது இதனால்தான்.

ஆயினும், நீர் குறைந்தவுடன் கசிவு என்று முடிவுசெய்தல் கூடாது. 20 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடேறும்போது நீரின் கனஅளவு சுமார் 3.4 சதவீதம் பெருகும். 8 லிட்டர் கொள்ளும் அமைப்பில் இது கால் லிட்டருக்கும் சற்று அதிகம். வழிந்த நீரைச் சேமித்துத் திரும்பப் பெறும் புட்டி பழைய கார்களில் இல்லை. ஆகவே கழுத்துவரை நிரப்பிய நீரில் பெருகிய பகுதி, வழிகுழாய் மூலம் சாலையில் சிந்திப்போகும். மாலையில் குளிர்ந்தபின் அளவு குறைந்திருக்கும். டிரைவர் மீண்டும் நிரப்புவார். மறுநாளும் அதே அளவு சிந்தும். இல்லாத கசிவைத் தேடிக் குழாய்களையெல்லாம் மாற்றியவர்கள் உண்டு. எனவே முதல் ஆயுதம் ஒரு குறிப்புப் புத்தகமே. தினமும் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, ஒரு குச்சியால் நீர்மட்டத்தை அளந்து, ஓடிய கிலோமீட்டருடன் எழுதிவைக்க வேண்டும். ஓரளவு குறைந்து, பிறகு அங்கேயே நின்றுவிட்டால் அது கசிவன்று. ஓட ஓடக் குறைந்துகொண்டே போனால் தேடத் தொடங்கலாம்.

கசியும் நீர் தரையில் ஏன் சுவடு விடுவதில்லை? பத்து வினாடிக்கு ஒரு துளி விழுவதாகக் கொள்வோம். 20 துளிகள் ஒரு மில்லிலிட்டர் எனக் கணக்கிட்டால், மணிக்கு 18 மில்லிலிட்டர் வெளியேறும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் ஓடும் வண்டியில் ஐந்து நாட்களில் அரை லிட்டர் போய்விடும். ஆனால் ஒவ்வொரு துளியும் சூடான உலோகத்தின்மேல் பட்டு, தரையை அடையுமுன்பே ஆவியாகிறது. வண்டி நின்று குளிர்ந்ததும் உள்ளழுத்தம் தணிந்து கசிவும் நின்றுவிடுகிறது. நீர் மறைந்தாலும் அதில் கரைந்திருந்த உப்புக்கள் மறைவதில்லை. கிணற்று நீர் ஊற்றிய வண்டியில் வெண்மையான கோடாகவோ, துருவோடு கலந்த செம்பழுப்புக் கறையாகவோ அவை படிந்திருக்கும். ஈரத்தைத் தேடுவதைவிட இக்கறையைத் தேடுவதே பயன் தரும். கறையின் மேல்முனையே பெரும்பாலும் கசிவின் பிறப்பிடம். காற்றாடியின் காற்று நீரைப் பின்னோக்கித் தள்ளுவதால் கீழ்முனை ஏமாற்றிவிடும்.

வேளையும் முக்கியம். ரப்பர்க் குழாயும் அதனை இறுக்கும் கிளிப்பும் விடியற்காலைக் குளிரில் சுருங்கிக் கசியும். சூடேறியதும் தாமே அடைத்துக்கொள்ளும். உலோக வெடிப்புகள் சிலவோ சூட்டில்தான் வாய் திறக்கும். ஆகவே ஒரே வண்டியை விடியலில் ஒருமுறையும், ஓட்டம் முடிந்தவுடன் ஒருமுறையும் பார்க்க வேண்டும். கைப்பம்பும் அழுத்தமானியும் பொருந்திய சோதனைக் கருவி கிடைத்தால், எஞ்சினை ஓட்டாமலே ரேடியேட்டர்க் கழுத்தில் அதனைப் பொருத்தி, மூடியில் குறித்துள்ள அழுத்தம்வரை மட்டும் காற்றை ஏற்றிக் கால் மணி நேரம் முள்ளைக் கவனிக்கலாம். முள் இறங்கியும் வெளியே ஈரமில்லை என்றால், நீர் எஞ்சினுக்குள்ளேயே போகிறது என ஐயுற வேண்டும். அதே கருவியில் மூடியையும் சோதித்துவிடுவது நலம். மலிவான ரப்பர் வளையம் ஒன்று நைந்ததற்காக எஞ்சினையே பிரித்துப் பார்க்கும் வழக்கம் பட்டறைகளில் அருமையன்று.

பொதுவாகக் கண்ணுக்குத் தப்பும் இடங்கள் மூன்று. நீர் பம்பின் அச்சுக்குக் கீழே சிறு துவாரம் ஒன்று இருக்கும். உள்ளே அடைப்பான் தேய்ந்துவிட்டது என்பதை அறிவிக்கவே அது வைக்கப்பட்டுள்ளது. அத்துவாரத்தைப் பசையால் அடைப்பவர்கள், நீரைப் பம்பின் பேரிங்குக்குள் அனுப்புகிறார்கள். இரண்டாவது, எஞ்சின் வார்ப்பின்போது மணலை வெளியேற்ற விடப்பட்ட துளைகளை மூடும் மெல்லிய தகட்டு மூடிகள். இவை உட்புறமிருந்து துருப்பிடித்து அரிக்கப்படும். சுவரை ஒட்டிய பின்பக்கத்து மூடியைக் காண முகம் பார்க்கும் சிறு கண்ணாடியும் டார்ச் விளக்கும் வேண்டும். மூன்றாவது, குளிர்ப் பிரதேசத்து வண்டிகளில் உள்ள ஹீட்டர். அது கசிந்தால் முன்னிருக்கைக்குக் கீழுள்ள விரிப்பு நனையும். முன்கண்ணாடியில் பிசுபிசுப்பான பனிப்படலம் படரும்.

இவற்றிலும் அகப்படாவிட்டால் சாயத்தின் உதவியை நாடலாம். ஃபுளோரசீன் என்னும் சாயத்தைச் சிறிதளவு நீரில் கலந்து வண்டியை ஓட்டிவிட்டு, இருட்டில் புற ஊதா விளக்கால் பார்த்தால், கசிவிடம் பசுமஞ்சளாய் ஒளிரும். இம்முறைக்குப் புகழ்பெற்ற முன்னோடி ஒன்று உண்டு. ஜெர்மனியில் டான்யூப் நதியின் நீர் ஓரிடத்தில் சுண்ணாம்புப் பாறைக்குள் மறைந்துபோகிறது. 1877-இல் அங்கே 10 கிலோகிராம் அளவு இச்சாயத்தைக் கரைத்தபோது, ஏறக்குறைய இரண்டரை நாளில், சுமார் 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆஹ் ஊற்றின் நீர் பச்சையாய் ஒளிர்ந்தது. டான்யூபின் நீரில் ஒரு பகுதி நிலத்தடியே ரைன் நதியைச் சேர்வது அன்று ஐயமின்றிப் புலனாயிற்று.

எஞ்சினுக்குள்ளேயே கசிவதுதான் கடினமான நிலை. சிலிண்டர் தலைக்கும் அடிப்பகுதிக்கும் இடையேயுள்ள காஸ்கெட் பழுதானால், எரிந்த வாயு நீருக்குள்ளும், நீர் சிலிண்டருக்குள்ளும் புகும். எண்ணெய் மூடியின் அடியில் பால்போன்ற படலம் காணப்படலாம். ஆனால் குறுகிய தூரமே ஓடும் வண்டியிலும் காற்றின் ஈரத்தால் அப்படலம் உண்டாகும் ஆதலின், அதை மட்டும் நம்பலாகாது. இங்கே பள்ளிச் சோதனைச்சாலையின் சுண்ணாம்புத் தெளிநீர் கைகொடுக்கும்.

திறந்த வெளியில், எஞ்சின் முற்றும் குளிர்ந்திருக்கும்போது, ரேடியேட்டர் நீரை நான்கு விரல் அளவு குறைக்க வேண்டும். கழுத்தில் துளையிட்ட தக்கையைப் பொருத்தி, வழிகுழாயைக் கவ்வியால் அடைத்து, தக்கையிலிருந்து வரும் வளைந்த குழாயின் முனையைத் தெளிநீரில் அமிழ்த்த வேண்டும். பிறகு எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக ஓட்டலாம். முதலில் சில குமிழிகள் வருவது இயல்பு. அது உள்ளிருந்த காற்று. தொடர்ந்து குமிழிகள் எழுந்து தெளிநீர் வெண்மையாய்க் கலங்கினால், எரிந்த வாயு நீருக்குள் வருகிறது என்பது உறுதி. காற்றில் கரியமில வாயு சுமார் 0.04 சதவீதமே, பெட்ரோல் எஞ்சினின் புகையிலோ 12 சதவீதத்துக்கும் மேல். நேரத்தை நீட்டித்தல் தவறு: கடினநீர் சூடேறினால் அதில் கரைந்துள்ள பைகார்பனேட்டுகளே சிதைந்து கரியமில வாயுவைத் தரும், நல்ல காஸ்கெட்டும் குற்றவாளியாகிவிடும். எஞ்சினை நிறுத்துமுன் குழாயைத் தெளிநீரிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும்.

கசிவை அடைக்க ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுவது நம் நாட்டு டிரைவர்களின் பழைய கைவைத்தியம். அடுத்த ஊர்வரை போய்ச்சேர அது உதவுவதை மறுப்பதற்கில்லை. ஆனால் கசியும் துவாரத்தை அடைக்கும் தூள், ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் அடைக்கத் தயங்காது. ஊர் சேர்ந்தபின் முழு நீரையும் வடித்துப் பலமுறை அலசியாக வேண்டும். எத்திலீன் கிளைகால் கலந்த குளிர்நீரை வடிக்கும்போது அதனைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவைத்தல் ஆகாது. இனிப்புச் சுவையுள்ள அந்நஞ்சைக் குழந்தைகளும் நாய்களும் பருகிவிடக்கூடும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறப்பது அதனினும் உடனடி ஆபத்து. 100 டிகிரிக்கு மேல் திரவமாக அடங்கியிருக்கும் நீர், மூடி தளர்ந்த கணமே நீராவியாகி முகத்தில் பாயும். மேல்குழாயைக் கையால் தாராளமாகப் பற்றக்கூடிய அளவுக்கு ஆறிய பின்னரே, கனத்த துணியை மேலிட்டு, முதல் திருகில் நிறுத்தி, சீற்றம் அடங்கியபின் முழுதும் திறக்க வேண்டும்.