பல் வைத்தியத்தில் மயக்க மருந்து: பணம் கட்டுமுன் கேளுங்கள்!



கடைவாய்ப் பல் குடைகிறது. ராத்திரி தூக்கம் இல்லை. கிராம்பை வைத்து அடக்கிப் பார்க்கிறீர்கள். "டாக்டர்கிட்டே போகலாம், வாங்க" என்று வீட்டில் கூப்பிட்டால், "ஐயோ, ஊசி போடுவாங்க, நான் வரல்லே" என்கிறீர்கள். துணிந்து போனாலோ, "பயமாயிருந்தால் மயக்கம் கொடுத்துச் செய்யலாம், அதற்குத் தனிக் கட்டணம்" என்கிறார்கள். தொகையைக் கேட்டதும் வீட்டுக்குத் திரும்பி விடுகிறீர்கள். சொத்தைப் பல்லும் கூடவே திரும்பி வருகிறது.

மயக்கம் உங்களுக்கு உண்மையிலேயே தேவையா? அதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்று வகை

1. மரத்துப்போகும் ஊசி: ஈறில் போடுவது. பெரும்பாலும் லிக்னோகெய்ன் என்ற மருந்து. சில நிமிஷத்தில் அந்த இடம் மரத்துவிடும். நினைவு தப்பாது. பல் எடுக்கவும், சொத்தை அடைக்கவும், வேர் சிகிச்சைக்கும் அநேகம் பேருக்கு இதுவே போதும்.

2. அரை மயக்கம்: பயத்தைத் தணிப்பதற்கு. நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை ஆக்சிஜனுடன் கலந்து மூக்கு வழியே கொடுப்பார்கள். அல்லது மருந்தை வாய்வழியாகவோ நரம்பு ஊசியாகவோ கொடுப்பார்கள். கூப்பிட்டால் பதில் சொல்வீர்கள். ஆனால் இது வலியைப் போக்க மட்டும் போதாது. பல் எடுப்பதானால் மரத்துப்போகும் ஊசியும் வேண்டும்.

3. முழு மயக்கம்: ஆப்பரேஷன் தியேட்டரில், மயக்க மருந்து நிபுணர் இருந்து கொடுப்பது.

பல பற்கள் சொத்தையான சிறு குழந்தைகள், மனவளர்ச்சி குன்றியவர்கள், அளவுக்கு மீறிப் பயப்படுகிறவர்கள், பெரிய தாடை ஆப்பரேஷன் செய்துகொள்பவர்கள் ஆகியோருக்கே இரண்டாவதும் மூன்றாவதும் பெரும்பாலும் தேவைப்படும்.

ஏன் தனிக் கட்டணம்?

மருந்தின் விலை கொஞ்சம்தான். நாடித் துடிப்பையும் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவையும் காட்டும் கருவி, ஆக்சிஜன், பயிற்சி பெற்ற ஆள், தெளியும் வரை கவனிக்கும் நேரம் ஆகியவற்றுக்கே செலவு அதிகம். "கருவி வேண்டாம், குறைச்சுக் கொடுங்க" என்று இதில் மட்டும் பேரம் பேசாதீர்கள். மயக்கம் ஆழமானால் மூச்சு தடைப்படலாம். அதை உடனே கண்டு சரிசெய்யத்தான் இந்த ஏற்பாடெல்லாம்.

வெட்கப்படாமல் கேளுங்கள்

* மரத்துப்போகும் ஊசி மட்டும் போதாதா?
* மயக்கம் கொடுப்பவர் யார்? அவருக்கு அதில் பயிற்சி உண்டா?
* மொத்தச் செலவு எவ்வளவு? அதில் மயக்கத்துக்கு எவ்வளவு? எழுதிக் கொடுப்பீர்களா?
* ஒரே தடவையில் பல பற்களைப் பார்த்து முடிக்கலாமா? முடிந்தால் மயக்கச் செலவும் ஒரு தடவையோடு போகும்.

காப்பீட்டு பாலிசி வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே விசாரிக்கவும். பல பாலிசிகளில் சாதாரணப் பல் வைத்தியத்துக்குப் பணம் கிடைப்பதில்லை.

நகையை அடகு வைக்குமுன் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். அங்கே மரத்துப்போகும் ஊசி போட்டுப் பல் எடுப்பதற்குக் கட்டணம் இல்லை. முழு மயக்கம் தேவையானால் எங்கே போகவேண்டும் என்றும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

கவனம்!

ஆஸ்துமா, இருதய நோய், தூக்கத்தில் பலத்த குறட்டை, கர்ப்பம், சாப்பிட்டு வரும் மாத்திரைகள் எதையும் மறைக்காதீர்கள். எத்தனை மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்கச் சொன்னார்களோ, அப்படியே இருங்கள். குழந்தை அழுகிறதே என்று ஒரு வாய் பால்கூடக் கொடுக்கக் கூடாது. வாந்தி வந்து மூச்சுக்குழலில் போனால் உயிருக்கே ஆபத்து. மாத்திரையோ நரம்பு ஊசியோ கொடுத்திருந்தால் துணைக்கு ஒருவர் வரவேண்டும். அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது. மரத்த உதட்டைக் குழந்தை கடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

"மேல் பல்லை எடுத்தால் கண் போயிடும்" என்பது வீண் பயம். தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து. தாடையின் அடியில் வீக்கம், காய்ச்சல், வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமை இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திராதீர்கள். மூச்சுத் திணறினால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

பயத்தை டாக்டரிடம் சொல்லுங்கள்! செலவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்! வைத்தியத்தைத் தள்ளிப்போடாதீர்கள்!