பையைத் திறங்க சார்!

போன மாதம் அம்மாவோடு ஒரு இன்னிசைக் கச்சேரிக்குப் போனேன். வாசலில் செக்யூரிட்டி என் பையைக் குடைந்து, பிஸ்கட் பாக்கெட்டை வெளியே எடுத்துவிட்டார்.

''அம்மாவுக்கு சுகர் தம்பி... திடீர்னு இறங்கிடும்!''

''ரூல்ஸ் சார்!''

உள்ளே அதே பிஸ்கட் இரண்டு மடங்கு விலை. பி.காம். மூளை உடனே லாபக் கணக்குப் போட்டது.

ஆனால், மான்செஸ்டரை மறக்க முடியுமா? 2017 மே 22. அரியானா கிராண்டே கச்சேரி முடிந்து கூட்டம் வெளியே வந்த நேரம். முதுகுப் பையில் வந்த குண்டுக்கு 22 பேர் பலி. வெடித்தது அரங்கத்துக்குள்ளே அல்ல, யாரும் வந்து போகக்கூடிய முன்கூடத்தில்! மகன் மார்ட்டினைப் பறிகொடுத்த ஃபிகன் முர்ரே விடாமல் போராடியதில், 2025-ல் பிரிட்டனில் பாதுகாப்புச் சட்டமே வந்தது.

அதனால, பையை நல்லா பாருங்க தம்பி. கச்சேரி முடிஞ்சு கூட்டம் கலையற வரைக்கும் வாசலையும் பாருங்க. பிஸ்கட்டை மட்டும் அம்மாகிட்ட கொடுத்துடுங்க!