காவலாளியே வழியை மறித்தால்...

காலை பத்தரை மணி. வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள் பெஞ்சில் காத்திருக்கிறார்கள். மின்சாரம் இருக்கிறது, இன்டர்நெட்டும் இருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டர் திரையில் சிறு வட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறது. பின்னணியில் வைரஸ் தேடும் மென்பொருள் வேலையைத் தொடங்கிவிட்டது. கொழிஞ்சாம்பாறை முதல் மறையூர், மூணாறு வரை, கேரள எல்லைத் தமிழர்கள் நம்பியிருக்கும் அக்ஷயா மையமோ ஜெராக்ஸ் கடையோ, பழைய கம்ப்யூட்டர் உள்ள இடத்தில் இது எந்த நாளும் நடக்கக்கூடியது. எரிச்சலில் பலர் அந்த மென்பொருளையே அணைத்துவிடுகிறார்கள்.

காவல் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பாலக்காடு பார்த்திருக்கிறது. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய ‘வான்னாக்ரை’, அங்குள்ள ரயில்வே கோட்ட அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களில் புகுந்தது. அதே வாரம் வயநாட்டின் தரியோடு பஞ்சாயத்து அலுவலகமும் சிக்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்கு 300 டாலரை பிட்காயினாகக் கேட்டது அந்த வைரஸ். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. வேகம் குறையும் என்று அப்டேட்டைத் தள்ளிப்போடுகிறவர்கள் கவனிக்க.

காவலாளியை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். அவர் ரோந்து வரும் நேரத்தை மாற்றினால் போதும். முதலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். ‘ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்’ என்ற பெயர் பட்டியலின் உச்சியில் நின்றால், விண்டோஸோடு வரும் டிஃபெண்டர்தான் ஓடுகிறது. கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது ஸ்கேன் செய்வதே அதன் வழக்கம். சாயங்காலம் சுவிட்சை அணைத்துவிட்டுக் கிளம்பும் கடையில் அதற்குச் சும்மா நேரம் ஏது? விட்டுப்போன வேலையைப் பகலில் வாடிக்கையாளர் முன்னாலேயே தொடங்கலாம். டாஸ்க் ஷெட்யூலரில் ஸ்கேன் நேரத்தை மதியச் சாப்பாட்டு வேளைக்கு மாற்றிவிட்டால் பாதித் தலைவலி தீரும். அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்கேனின்போது பிராசஸரில் சராசரியாக 50 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்பது டிஃபெண்டரின் வழக்கமான வரம்பு. அதை 20 ஆகவும் குறைக்கலாம். ஸ்கேன் முடிய நேரம் பிடிக்கும்.

பாதுகாப்பு கூடும் என்று எண்ணி இரண்டு வைரஸ் எதிர்ப்பு மென்பொருள்களைப் போட்டு வைப்பவர்களும் உண்டு. ஒரே கோப்பை இரண்டும் மாறி மாறிச் சோதிக்கும். ஒன்றை நீக்குவதே நல்லது. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இன்னொரு வழி, நம்பகமான ஃபோல்டர்களைச் சோதனையிலிருந்து விலக்கி வைப்பது. டவுன்லோடு ஃபோல்டரை மட்டும் விலக்காதீர்கள். வாடிக்கையாளர் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டும் பென்டிரைவையும்தான். அது உங்களிடம் வருவதற்கு முன் எத்தனை கம்ப்யூட்டரில் ஏறி இறங்கியதோ!