அடுத்த அறைக்குப் போக டேட்டா எதற்கு?

மாத்தளை மாவட்டத்து இரத்தோட்டையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். முன் அறையில் அக்காவின் மடிக்கணினி, பின் அறையில் தம்பியின் பழைய மேசைக் கணினி, நடுவில் ஒரு ரவுட்டர். பாடசாலை விளையாட்டுப் போட்டியின் வீடியோ அக்காவிடம் இருக்கிறது. அளவு 200 மெகாபைட். தம்பிக்கு அது வேண்டும். அக்கா என்ன செய்வாள்? வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவாள்.

அந்த வீடியோவின் பின்னாலேயே நாமும் போய்ப் பார்ப்போம். மடிக்கணினியிலிருந்து ரவுட்டருக்கு, அங்கிருந்து கம்பி வழியாகவோ கோபுரம் வழியாகவோ வீட்டை விட்டு வெளியே, எங்கோ இருக்கும் ஒரு சேவையகத்துக்கு. பிறகு வந்த வழியே திரும்பி, அதே ரவுட்டருக்குள் நுழைந்து, பின் அறைக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் போவதற்கு இத்தனை அலைச்சல்! ஏறும்போது 200, இறங்கும்போது 200 என்று பெக்கேஜில் 400 மெகாபைட் போய்விடும். வட்ஸ்அப் அதைச் சுருக்கி அனுப்பினால் டேட்டா மிஞ்சும், ஆனால் படத்தின் தெளிவு குறைந்துவிடும்.

வெளியே போகவே தேவையில்லை என்பதுதான் வேடிக்கை. வீட்டிலுள்ள கணினிகளும் போன்களும் ஒரே ரவுட்டரோடு சேர்ந்த உடனேயே ஒரு சின்ன வலையமைப்பு உருவாகிவிடுகிறது. இணையம் அதற்கு அப்பால் இருக்கும் இன்னொன்று. இரண்டையும் ஒன்றென்று பெரியவர்களில் பலரே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாத்தளை மாவட்டத்தின் மலைப்பக்கங்களில், நக்கிள்ஸ் தொடர் குறுக்கே நிற்கும் பள்ளத்தாக்குகளில், சிக்னல் ஒரு கோட்டைத் தாண்டாத வீடுகள் உண்டு. அங்கேயும் ரவுட்டருக்கு மின்சாரம் இருந்தால் போதும், முன் அறைக் கோப்பு பின் அறைக்கு வந்துவிடும். ‘இணைய இணைப்பு இல்லை’ என்று திரை சொல்லிக்கொண்டே இருக்கும், கோப்புறை அது பாட்டுக்குத் திறக்கும்.

கணினிகள் ஒன்றையொன்று எப்படிக் கண்டுபிடிக்கின்றன? ரவுட்டர் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் முகவரி கொடுக்கிறது. 192.168.1.5 என்பது போல நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. இந்த முறையில் மொத்தம் ஏறத்தாழ 429 கோடி முகவரிகள்தான் கிடைக்கும். உலக மக்கள் 800 கோடிக்கு மேல். ஆகவே 192.168 என்று தொடங்கும் எண்கள் உட்படச் சிலவற்றை ‘உள்வீட்டுப் பாவனைக்கு மட்டும்’ என்று ஒதுக்கிவைத்தார்கள். 1996இல் வெளியான இணைய விதி ஒன்று இதை உறுதிப்படுத்தியது. உங்கள் கணினிக்கும் ரொறன்ரோவில் இருக்கும் மாமா வீட்டுக் கணினிக்கும் ஒரே எண் இருக்கலாம். அந்த எண் வாசலைத் தாண்டி வெளியே போவதில்லை, அதனால் குழப்பமும் இல்லை.

கோப்பு முழுதாகவும் போவதில்லை. 1,500 பைட்டுக்கு மேற்படாத சிறு பொதிகளாகப் பிரிந்துதான் போகிறது. ஒவ்வொரு பொதியிலும் முகவரிகளுக்கும் கொஞ்சம் இடம் போகும். அக்காவின் வீடியோ ஏறக்குறைய 137,000 பொதிகளாக உடையும். வழியில் ஒன்று தொலைந்தால் அது மட்டும் திரும்ப அனுப்பப்படும். எவ்வளவு நேரம் பிடிக்கும்? ரவுட்டரிலிருந்து இரண்டு கணினிகளுக்கும் செக்கனுக்கு 100 மெகாபிட் வேகமுள்ள கேபிள் போட்டிருந்தால், 8 பிட் ஒரு பைட் என்பதால் 12.5 மெகாபைட். 200ஐ 12.5ஆல் வகுத்தால் 16 செக்கன். உண்மையில் சற்றுக் கூடும். சுவர்கள் தடுக்கும் வைஃபையில் இன்னும் கூடும்.

பொதிகளை அனுப்பத் தெரிந்தால் மட்டும் போதாது. ‘இந்தக் கோப்புறையைத் திற’, ‘இந்தக் கோப்பைக் கொடு’ என்று கேட்கவும் பதில் சொல்லவும் இரு கணினிகளுக்கும் பொதுவான பேச்சுமுறை வேண்டும். அப்படியொன்று 1980களில் ஐபிஎம் நிறுவனத்தில் பிறந்தது. பெயர் எஸ்எம்பி. பின்னர் மைக்ரோசொப்ட் அதை வளர்த்தெடுத்தது. விண்டோஸ் கணினிகள் இன்றும் அதில்தான் பேசுகின்றன.

விண்டோஸ் அல்லாத கணினிகள் என்ன செய்யும்? 1991 இறுதியில் அவுஸ்திரேலியாவின் கன்பராவில் அன்ட்ரூ ட்ரிட்ஜெல் என்ற ஆய்வு மாணவருக்கு இந்தப் பிரச்சினை வந்தது. பேச்சுமுறையின் முழு விளக்கம் அவர் கையில் இல்லை. அவர் செய்தது ஒரே வேலை: கணினிகளுக்கிடையே ஓடும் பொதிகளை உட்கார்ந்து கவனித்தார். பாஷை தெரியாத ஊரின் சாப்பாட்டுக் கடையில், யார் என்ன சொன்னால் எந்தத் தட்டு வருகிறது என்று பார்த்துப் பார்த்தே பேசப் பழகுவது போல என்று பின்னாளில் அவரே விளக்கியிருக்கிறார். அப்படி உருவானதுதான் சாம்பா என்ற இலவச மென்பொருள். எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். கேள்விக்கு விடை கொடுக்க ஆளில்லாதபோது காதையும் கண்ணையும் தீட்டிக்கொண்டவர் அவர்.

இனி, பலர் தடுக்கி விழும் இடம். அக்கா ஒரு கோப்புறையைப் ‘பகிர்கிறாள்’. தம்பி தன் கணினியில் அதைத் திறந்து பார்க்கிறான். வீடியோ இப்போது எங்கே இருக்கிறது? அக்காவின் கணினியில்தான்! தம்பி அதைத் தன் பக்கம் பிரதி செய்யாதவரை உலகில் அது ஒன்றே ஒன்றுதான். அக்கா கணினியை அணைத்தால் தம்பிக்கு அது மறைந்துவிடும். அந்தக் கணினியின் வன்தட்டு பழுதானால் இருவருக்குமே இல்லை.

பிரதியின் அருமை தெரிந்த ஊர் மாத்தளை. நகரிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீற்றர் வடக்கே, ஏ9 வீதியோரம் அலுவிகாரை என்ற பௌத்த விகாரை இருக்கிறது. பிக்குகள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடமாகவே காத்துவந்த பௌத்த மறைநூலான திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், இங்கேதான் முதன்முதலாக ஓலையில் எழுதப்பட்டது என்பது மரபு. போரிலும் பஞ்சத்திலும் பிக்குகள் இறந்தால் அவர்கள் நினைவில் இருந்ததும் சேர்ந்து போய்விடுமே என்ற அச்சம்தான் காரணம். எழுத்தாணியால் கீறி, மை பூசித் துடைத்தால் கீறலில் மட்டும் கறுப்பு தங்கும். இன்றும் அங்கே போனால் எழுதிக் காட்டுவார்கள். பிரித்தானிய ஆட்சிக்கு எதிரான 1848 மாத்தளைக் கிளர்ச்சியின்போது அந்த விகாரையின் நூலகம் அழிந்தது. ஆனால் திரிபிடகம் அழியவில்லை. அதற்குள் அதன் பிரதிகள் வேறு விகாரைகளுக்கும் வேறு நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்திருந்தன.

வீட்டில் பகிரும்போது இன்னொன்றையும் தீர்மானிக்க வேண்டும்: மற்றவர் பார்க்க மட்டுமா, மாற்றவும் அழிக்கவுமா? ‘வாசிக்க மட்டும்’ என்று வைத்தால், குட்டித் தங்கச்சி எந்த விசையை அமத்தினாலும் கோப்புக்கு ஒன்றும் ஆகாது. மென்பொருளைப் புதுப்பித்தும் வைத்திருங்கள். 2017 மே மாதத்தில் வன்னாக்ரை என்ற தீநிரல், எஸ்எம்பியின் பழைய வடிவத்தில் இருந்த ஓட்டை வழியாகக் கணினிக்குக் கணினி தாவிப் பிரித்தானிய மருத்துவமனைகளைக்கூட முடக்கியது. ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசொப்ட் இரண்டு மாதம் முன்பே கொடுத்திருந்தது. பலர் அதை நிறுவவில்லை.

விடுமுறையில் தம்புள்ளைப் பக்கம் போய், தங்குமிடத்து வைஃபையில் மடிக்கணினியை இணைக்கிறீர்களா? இது ‘பொது’ வலையமைப்பா, ‘தனிப்பட்ட’ வலையமைப்பா என்பதை விண்டோஸ் அமைப்பில் தெரிவுசெய்யலாம். ‘பொது’ என்று வையுங்கள். அப்போது உங்கள் கணினி, அதே வைஃபையில் இருக்கும் அடுத்த அறைக்காரரின் கண்ணில் படாமல் ஒதுங்கிக்கொள்ளும்.