முடிவு மாறிய கதை

நாவலைக் கையில் எடுத்ததுமே கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கும் வழக்கம் உங்களில் பலருக்கு உண்டல்லவா? அமெரிக்காவில் ஒருவகை நாவலுக்கு மட்டும் வெகுகாலம் அந்தச் சிரமமே இருக்கவில்லை. பையன் பையனிடமோ, பெண் பெண்ணிடமோ மனத்தைப் பறிகொடுக்கும் கதையா? முடிவு பெரும்பாலும் விபத்து அல்லது மரணம்தான்!

இளம் வயதினருக்கென்று இதைத் தொட்டு எழுதியவர்களில் முன்னோடி ஜான் டானவன். 1969-ல் வந்த அவர் நாவலில் டேவி என்ற 13 வயதுப் பையனும் அவன் சிநேகிதனும் முத்தமிட்டுக் கொள்கிறார்கள். பிறகு, டேவி உயிரையே வைத்திருந்த நாய் காரில் அடிபட்டுச் சாகிறது. தான் செய்ததற்குத்தான் இந்தத் தண்டனை என்று பிள்ளை குமைந்து போகிறான். 1972-ல் இஸபெல் ஹாலண்ட் எழுதியதில் மாரடைப்பு. 1974-ல் ஸாண்ட்ரா ஸ்கோப்பெட்டோன் எழுதியதில் மறுபடியும் வண்டி விபத்து. யமதர்மனுக்கு ஓய்வே இல்லை!

நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால், தன் மனம் சாயும் திசையைத் தாயிடம்கூடச் சொல்ல முடியாத ஒரு பெண் அதைப் படித்தால்? அவளுக்கு அது கதையல்ல, ஜாதகம்.

நான்ஸி கார்டன் சிறு வயதில் தேடித் தேடிப் படித்ததும் இத்தகைய சோக முடிவுகளைத்தான். நல்ல முடிவோடு ஒரு கதை எழுதியே தீருவதென்று அப்போதே உறுதி கொண்டார். 1982-ல் அவருடைய 'ஆன்னி ஆன் மை மைண்ட்' வெளிவந்தது. நியூயார்க் அருங்காட்சியகம் ஒன்றில் லிஸாவும் ஆன்னியும் சந்திக்கிறார்கள். இருவருக்கும் வயது 17.

சிநேகம் காதலாகி, உடலும் நெருங்கும் இடத்தில்தான் எழுதுகிறவருக்குச் சோதனை. அதை அடியோடு மறைத்தால், 'வாயால் சொல்லக்கூடாத அசிங்கம் போலிருக்கிறது' என்று படிக்கிற குழந்தை நினைத்துக்கொள்ளும். விஸ்தாரமாக எழுதினாலோ, புத்தகம் அவள் கைக்கே போய்ச் சேராது. நான்ஸி கார்டன் தயக்கம், பயம், ஆனந்தம் எல்லாவற்றையும் சொல்கிறார். வர்ணனைக்கு முன்னால் கதவைச் சாத்திவிடுகிறார். நடந்தது என்னவென்பதில் வாசகிக்குச் சந்தேகமில்லை. மிகக் கெட்டிக்காரத்தனமான எழுத்து என்பேன்.

கஷ்டங்களையும் அவர் மூடி மறைக்கவில்லை. ஊருக்குப் போயிருந்த இரண்டு ஆசிரியைகளின் வீட்டில், பூனைகளைப் பார்த்துக்கொள்ளப் போன இடத்தில்தான் பெண்கள் அகப்படுகிறார்கள். அந்த ஆசிரியைகளும் ஒருவரையொருவர் நேசித்து வாழ்பவர்கள் என்பது வெளியே தெரிந்து, அவர்கள் வேலை போகிறது. பாவம், சேர்ந்து வாழ்ந்ததைத் தவிர அவர்கள் செய்த குற்றம் என்ன? லிஸாவும் ஆன்னியும் பிரிந்து வெவ்வேறு கல்லூரிகளுக்குப் போகிறார்கள். பல மாதம் மௌனம். கடைசியில் லிஸா டெலிபோனை எடுக்கிறாள், காதல் பிழைத்துவிடுகிறது.

இத்தனை அடக்கமாக எழுதிய புத்தகத்தை 1993-ல் கான்ஸாஸ் நகரில் நெருப்பிட்டுக் கொளுத்தினார்கள்! பக்கத்து ஊரான ஒலேதாவில் பள்ளி நூலகங்களிலிருந்தே எடுத்துவிட்டார்கள். சும்மா இருந்தார்களா மாணவர்கள்? பெற்றோர் சிலரையும் சேர்த்துக்கொண்டு கோர்ட் படி ஏறினார்கள். கருத்துப் பிடிக்கவில்லை என்பதற்காகப் புத்தகத்தை அகற்றியது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 1995-ல் நீதிபதி வான் பெபர் தீர்ப்பளித்தார். புத்தகம் மறுபடியும் அலமாரி ஏறியது.

2003-ல் அமெரிக்க நூலகர்கள், இளைஞர் இலக்கியத்துக்கான மார்கரெட் எட்வர்ட்ஸ் விருதை நான்ஸி கார்டனுக்கு அளித்தார்கள். எரிந்த அதே புத்தகத்துக்காக!